மருந்துச் சீட்டில் ஒரு மலை!

மதுரைக்காரர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கடைசியா எப்போ போனீங்க?" உடனே பதில் வரும். "மகால்?" என்றால், "ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க வந்தப்போ லைட் ஷோ பார்க்கப் போனோமே!" என்பார்கள். "சமணமலை?" என்று கேளுங்கள். அங்கேதான் முழிப்பார்கள். "யுனிவர்சிட்டி போற வழியில, கண்ணுல படுமே, அந்த மொட்டைப் பாறையா?" என்று பாதிப் பேர் திருப்பிக் கேட்பார்கள்.

அதேதான். தேனி ரோட்டில் போய், நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் பிரிந்தால் கீழக்குயில்குடி. ஊரை ஒட்டி மலை. மதுரை ஊருக்குள்ளிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். டவுன் பஸ்ஸே போகிறது. கொடைக்கானலுக்கு நான்கு மணி நேரம் காரில் குலுங்கிப் போகிற நாம், இங்கே போவதில்லை.

சித்த வைத்தியன், சிற்பத்தைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன்னால் ஓய்வு பெற்ற பாங்க் அதிகாரி ஒருவர் மனைவியோடு வந்தார். "தூக்கமே வரலீங்க டாக்டர். பன்னெண்டு மணிக்குக் கண்ணை மூடினா ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது. அப்புறம் விடியற வரைக்கும் கொட்டக் கொட்ட உட்கார்ந்திருக்கேன்" என்றார். நாடி பார்த்தேன். கையோடு கொண்டு வந்திருந்த ரிப்போர்ட்டுகளையும் புரட்டினேன். பி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிறார், கட்டுக்குள் இருக்கிறது. ஈ.சி.ஜி.யில் குறை இல்லை. "ஒரு நாள் எப்படிப் போகுது?" என்று கேட்டேன். அவர் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டார்: "காலைல பேப்பர், அப்புறம் செல்போன், அப்புறம் டி.வி., மறுபடி செல்போன். வாசப்படி தாண்டுறதில்லீங்க!"

இரவுக்குப் பாலில் அமுக்கரா சூரணம் எழுதினேன். (இதைப் படித்துவிட்டு நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். உடம்பு பார்த்துத்தான் கொடுக்க வேண்டிய மருந்து அது.) அதே சீட்டில் அடுத்த வரியாக, 'வாரம் ஒரு நாள், காலை ஆறரை மணி, கீழக்குயில்குடி மலை, இரண்டு பேரும்' என்று எழுதிக் கொடுத்தேன். சீட்டைப் பார்த்துவிட்டு, "இது எந்தக் கடையில கிடைக்கும்?" என்று சிரித்தார்.

ஒரு மாதம் கழித்து வந்தபோது தூக்கம் முன்னைக்குப் பரவாயில்லை என்றார். சூரணம் எவ்வளவு, மலை எவ்வளவு என்று நான் பங்கு பிரிக்க மாட்டேன், பிரிக்கவும் முடியாது. ஆனால் அன்றைக்கு அவர் தூக்கத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. மலையில் பார்த்ததையே அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள்.

ஏறிப் பார்க்க வேண்டிய சிற்பம்

அப்படி என்னதான் இருக்கிறது அந்த மலையில்?

அடிவாரத்தில் ஒரு தாமரைக் குளம். பக்கத்தில் அய்யனார் கோயில், பெரிய ஆலமரம். மலையின் ஒரு பக்கத்தில் செட்டிப்புடவு என்ற குகை இருக்கிறது. புடவு என்றால் குகை. குகை வாசலில் பாறையிலேயே பெரிதாக ஒரு தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார். தலைக்கு மேலே முக்குடை, இரண்டு பக்கமும் சாமரம் வீசுகிறவர்கள். நீண்ட காதும் அகன்ற தோளுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, யாரோ செட்டியார் உட்கார்ந்திருக்கிறார் என்று ஊர்க்காரர்கள் செட்டிப்புடவு என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆயிரத்து நூறு வருஷமாக வெயிலிலும் மழையிலும் அப்படியே அமர்ந்திருக்கிறார். அந்த முகத்தில் ஒரு சலிப்புக்கூட இல்லை.

குகைக்குள் குனிந்து போய் அண்ணாந்து பார்த்தால், வளைந்த பாறையில் வரிசையாக ஐந்து சிற்பங்கள். முதலில் சிங்கத்தின் மேல் அமர்ந்து, யானை மேல் வருகிற ஒருவனோடு போர் செய்கிற பெண். கடைசியில் அமைதியாக அமர்ந்த ஓர் இயக்கி. நடுவில் மூன்று தீர்த்தங்கரர்கள். சண்டையில் தொடங்கி அமைதியில் முடிகிற அந்த வரிசையைச் செதுக்கியவன் என்ன நினைத்தானோ தெரியாது. பார்க்கிறவனுக்கு மூச்சு தானாகவே மெதுவாகிவிடுகிறது.

மலையின் இன்னொரு பக்கம் பேச்சிப்பள்ளம். இதற்குப் பாறையில் கொஞ்சம் ஏற வேண்டும். ஏறி முடித்ததும் பக்கத்தில் ஒரு சுனை, எதிரே பாறையில் எட்டுச் சிற்பங்கள் வரிசையாக. பாம்பு படமெடுத்துக் குடை பிடிக்கிற பார்சுவநாதர் இருக்கிறார். காலில் கொடி சுற்றிய பாகுபலி இருக்கிறார். அசையாமல் நின்று தவம் செய்ததால் கொடி படர்ந்துவிட்டது என்பது கதை. அந்தச் சிற்பத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பாறை இடுக்கில் நிஜக் கொடி ஒன்று படர்ந்திருப்பதை மழைக்காலத்தில் பார்த்திருக்கிறேன். மியூசியத்தில் வைத்தால் இது கிடைக்குமா, சொல்லுங்கள்!

சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் கல்வெட்டுகள் இருக்கின்றன. யார் செய்வித்த திருமேனி என்று பெயர் போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று, அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்தது. இந்த அச்சணந்தியின் பெயர் யானைமலை உட்படச் சுற்றுவட்டாரத்துப் பல மலைகளில் வருகிறது. ஊர் ஊராகப் போன துறவி. வீட்டை விட்டுப் போன மகனின் பெயரோடு தன் பெயரையும் சேர்த்து ஒரு தாய் மலையில் பொறித்து வைத்திருக்கிறாள். என் நோயாளி அரை மணி நேரம் பேசினார் என்றேனே, இந்த அம்மாவைப் பற்றித்தான். அவருடைய மகன் வெளிநாட்டில் இருக்கிறான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இன்னும் மேலே ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற பள்ளியின் அடித்தளம் மட்டும் மிச்சம். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பாண்டியன் பராந்தக வீரநாராயணன் காலத்தது. உச்சியில் ஒரு தீபத்தூண். அங்கே நின்றால் ஒரு பக்கம் நாகமலை நீண்டு கிடக்கும். கீழே கண்மாய், வயல், தென்னந்தோப்பு. காற்று ஆளைத் தள்ளும்.

ஒரு விஷயம் கவனியுங்கள். இவை பாறையிலிருந்து கொஞ்சமாகத் துருத்திக்கொண்டிருக்கும் புடைப்புச் சிற்பங்கள். வெளிச்சம் சாய்வாக விழுந்தால்தான் நிழல் விழும். நிழல் விழுந்தால்தான் உதடும் விரலும் தெரியும். உச்சி வெயிலில் போனால் எல்லாம் சப்பையாகத் தெரியும், "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று தோன்றும். மழை நனைத்த பாறையில் இன்னொரு முகம். மேகமூட்டத்தில் வேறொன்று. போட்டோவில் பார்த்துவிட்டோமே என்பவர்களுக்கு நான் சொல்வது, அது ஒரு நாளின் ஒரு நிமிஷம்தான்.

உடம்புக்கு என்ன லாபம்?

சித்த மருத்துவத்தில் தொண்ணூற்றாறு தத்துவங்கள் என்று சொல்லி உடம்பை விளக்குவார்கள். அதில் ஐம்பொறிகளும் ஐம்புலன்களும் முக்கியமானவை. இன்றைக்கு நம் வீடுகளில் கண் ஒன்றுதான் வேலை செய்கிறது, அதுவும் முக்கால் முழத் தூரத்தில்! மற்ற நாலு பொறிகளும் பென்ஷன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டன.

அருகில் உள்ளதைப் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் சிறு தசை ஒன்று இறுகிக்கொண்டே இருக்கிறது. தூரத்தைப் பார்த்தால் அது தளர்கிறது. மலையில் ஏறும்போது கால் வைக்கிற இடத்தைப் பார்க்கிறீர்கள், சிற்பத்தைப் பார்க்கிறீர்கள், திரும்பி நின்று நாகமலையைப் பார்க்கிறீர்கள். கிட்ட, எட்ட, மறுபடி கிட்ட. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கண் ஓய்வு எது? பாறை ஏறும்போது உடம்பு தன் சமநிலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. டிரெட்மில்லில் இது கிடையாது. அதில் எல்லா அடியும் ஒரே அடி.

அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்ற ஆராய்ச்சியாளர் 1984-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை எடுத்து ஒப்பிட்டார். பாதிப் பேருக்கு ஜன்னலில் மரம் தெரிந்தது. பாதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகத் தேவைப்பட்டது. சின்ன ஆய்வுதான். ஆனால் உலகம் முழுக்க ஆஸ்பத்திரி கட்டுகிறவர்கள் அதை இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள். கலை பக்கம் வந்தால், உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட அறிக்கை 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி, பாட்டும் ஓவியமும் சிற்பமும் நோய்த் தடுப்பிலும் நோயாளியின் பராமரிப்பிலும் உதவுகின்றன என்றது. ஜப்பான்காரர்கள் 1982 முதல் 'வனக் குளியல்' என்று பெயர் வைத்துக் காட்டில் நடக்கச் சொல்கிறார்கள். 1969-லேயே அங்கே ஹகோனே மலைப்பகுதியில் சிற்பங்களைத் திறந்தவெளியில் வைத்து ஒரு மியூசியமும் திறந்துவிட்டார்கள். நம்மிடம் மரமும் மலையும் சிற்பமும் ஒரே இடத்தில், டவுன் பஸ் தூரத்தில் இருக்கின்றன.

ஆனால் ஒன்று. இதனால் ஷுகர் மாத்திரையை நிறுத்தலாம், பி.பி. மாத்திரையைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானும் சொல்லவில்லை. மருந்து மருந்துதான். தேரையர் சொன்ன பிணியணுகா விதியும், எப்படி உண்பது, எப்படி உறங்குவது, எப்படி நடப்பது என்று ஒழுங்கைத்தான் சொல்கிறது. அந்த ஒழுங்கில் வாரத்துக்கு ஒரு காலையை இதற்கு ஒதுக்குங்கள் என்பதே என் யோசனை.

"எனக்கு மலை ஏற முடியாதே, முழங்கால் வலி" என்பவர்களுக்கு ஏறவே வேண்டாத கலை அடிவாரத்திலேயே இருக்கிறது. அய்யனார் கோயில் குதிரைகளைப் பாருங்கள். மதுரை, சிவகங்கைப் பக்கம் புரவி எடுப்பு என்று விழா எடுப்பார்கள். வேளார் மண்ணால் குதிரை செய்து, சுட்டு, வண்ணம் பூசித் தருவார். ஊரே தூக்கிக்கொண்டு போய்க் கோயிலில் வைக்கும். அப்புறம் அதை யாரும் பொத்திப் பொத்திப் பாதுகாப்பதில்லை. மழையில் காது உதிரும், கால் உடையும், புல் முளைக்கும். அடுத்த எடுப்புக்குப் புதுக் குதிரை வரும். உடைந்து கிடக்கிற பழைய குதிரைகளின் நடுவே உட்கார்ந்து பாருங்கள், வயசாவதைப் பற்றிய பயம் கொஞ்சம் குறையும். அதுவும் தோதுப்படாதவர்களுக்கு ஊருக்குள்ளேயே தெப்பக்குளம் இருக்கிறது. திருமலை நாயக்கர் வெட்டியது. தண்ணீர் நிறைந்திருக்கும்போது சாயங்காலம் கரையில் உட்கார்ந்தால் மைய மண்டபம் இரண்டாகத் தெரியும், மேலே ஒன்று, தண்ணீரில் ஒன்று.

மலை போனால் சிற்பமும் போச்சு

இங்கே கொஞ்சம் வருத்தத்தோடு எழுத வேண்டியிருக்கிறது.

ஒத்தக்கடையில் யானைமலை நிற்கிறது. அதன் அடிவாரத்தில் நரசிங்கம் குடைவரைக் கோயில். பாண்டிய மன்னனின் அமைச்சர் மாறன் காரி கி.பி. 770-ல் மலையைக் குடைந்து எடுத்தது. முழுதாக முடிப்பதற்குள் அவர் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முகமண்டபத்தைக் கட்டி முடித்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. மலையின் மேலே சமணப் படுக்கைகளும் சிற்பங்களும் இருக்கின்றன. இந்த மலையில் 2010-ல் 'சிற்ப நகரம்' அமைக்கலாம் என்று அரசுத் தரப்பில் ஒரு யோசனை வந்தது. வேடிக்கையைப் பாருங்கள், ஆயிரம் வருஷத்துச் சிற்பம் இருக்கிற மலையைச் செதுக்கிப் புதுச் சிற்பம் செய்வதாம்! சுற்றுவட்டார ஜனங்கள் விடவில்லை, எதிர்த்து நின்றார்கள். யோசனை கைவிடப்பட்டது. அந்த வருஷம்தான் எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணன் 'பசுமைநடை'யைத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாகக் கூடி, ஒவ்வொரு மலையாகப் போய், தொல்லியல் அறிஞர் சாந்தலிங்கம் போன்றவர்கள் விளக்கக் கேட்டு வந்தார்கள். வைத்தியன் கண்ணால் பார்த்தால், ஊருக்கே எழுதிய நல்ல மருந்துச் சீட்டு அது.

மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரிகள் மலைகளைத் தின்ற கதை உங்களுக்குத் தெரியும். 2012-ல் அது நாடு முழுக்கப் பேசப்பட்டது. அதே பக்கத்து அரிட்டாபட்டியில் பாண்டியர் காலக் குடைவரை, அதன் பக்கத்தில் அபூர்வமான இலகுலீசர் சிற்பம், கழிஞ்சமலையில் சுதைப் பூச்சும் வண்ணமும் இன்னும் ஒட்டியிருக்கிற தீர்த்தங்கரர் சிற்பம், இரண்டாயிரம் வருஷத்துத் தமிழிக் கல்வெட்டு எல்லாம் இருக்கின்றன. பாறை முகடுகளில் லகார் வல்லூறு போன்ற அரிய பறவைகள் வாழ்கின்றன. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. சரியாக இரண்டு வருஷம். 2024 நவம்பரில் அதே வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஜனங்கள் மேலூரிலிருந்து மதுரைக்கு ஊர்வலமாக வந்தார்கள். 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

தப்பியது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். அந்த ஊர்க்காரர்கள் வயலும் கண்மாயும் போய்விடும் என்று எழுந்து நின்றார்கள். நகரத்தில் இருக்கிற நம்மில் எத்தனை பேருக்கு அந்த மலை எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிந்திருந்தது? வெட்டி எடுத்த கல் நம் வீட்டு சமையல் மேடையில்தான் பளபளக்கிறது.

போவதற்கு முன்

வெயில் ஏறினால் பாறை கொதிக்கும். ஆறரைக்கு மலையில் இருங்கள், ஒன்பதுக்குள் இறங்கிவிடுங்கள். சித்திரை, வைகாசியில் முதியவர்கள் ஏறவே வேண்டாம். மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும். புல்லும் புதருமான இடத்தில் செருப்பில்லாமல் கால் வைக்காதீர்கள். தேன்கூடு தெரிந்தால் சத்தம் போடாமல் விலகுங்கள்.

ஷுகர் இருப்பவர்கள் வெறும் வயிற்றில் ஏறக் கூடாது. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, பையில் கொஞ்சம் கடலை மிட்டாயும் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலி வந்தவர்கள், ஆஞ்சியோ செய்துகொண்டவர்கள் உங்கள் டாக்டரைக் கேட்காமல் மேலே போக வேண்டாம். தனியாகப் போகாதீர்கள். ஏறும்போது பேச முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். பேச்சு தடுமாறினால் உட்காருங்கள்.

வழியில் ஆவாரை பூத்திருக்கும், பிரண்டை படர்ந்திருக்கும், தும்பை கண்ணில் படும். "டாக்டர் சொன்னாரே" என்று வேரோடு பிடுங்கி வந்துவிடாதீர்கள்! பார்த்துப் பெயர் சொல்லிவிட்டு வாருங்கள், போதும்.

சிற்பத்தின் மேல் கையை வைக்காதீர்கள். எண்ணெய் ஊற்றுவது, மஞ்சள் பூசுவது, சாக்பீஸால் எழுத்தைத் தடவிப் படிப்பது எல்லாம் கல்லுக்குக் கெடுதல். காதலியின் பெயரைச் செதுக்குகிற வாலிபர்களுக்கு ஒரு தகவல்: பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் மத்தியச் சட்டப்படி இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

போனதும் செல்போனை எடுக்காதீர்கள். ஒரு சிற்பத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கு எதிரே பத்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். முதல் மூன்று நிமிஷம் அலுப்பாக இருக்கும். அப்புறம்தான் விரல்களைக் கவனிப்பீர்கள், யாரோ சாமரத்தைத் தோளில் சாய்த்திருப்பதைக் கவனிப்பீர்கள். குழந்தைகள் வந்தால் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து வரையச் சொல்லுங்கள். பெரியவர்கள் பார்க்காததை எல்லாம் அவர்கள் பார்த்துவிடுவார்கள். என் அண்ணன் பேத்திக்கு ஏழு வயசு. செட்டிப்புடவுக்கு முன்னால் உட்கார்ந்து வெகு நேரம் அந்த முக்குடையையே வரைந்துகொண்டிருந்தாள். "என்னடா அது?" என்றேன். "தெரியலையா தாத்தா? மூணு தோசை. பெருசு, நடுவுல, சின்னது" என்றாள். அதற்கப்புறம் எனக்கும் அது தோசையாகத்தான் தெரிகிறது.